யாருக்கு ஒரு வாக்கு, யாருக்கு இரண்டு?

நேயர்களுக்கு வணக்கம்.

1994-ஆம் ஆண்டில் ஃபாரின் அஃபேர்ஸ் என்ற அமெரிக்கச் சஞ்சிகைக்கு அளித்த பேட்டியில் சிங்கப்பூரின் முதல் பிரதமர் திரு லீ குவான் இயூ ஒரு யோசனை சொன்னார். நாற்பது வயதைத் தாண்டிய, குடும்பஸ்தரான ஆண் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்கு கொடுக்கலாம். பிள்ளைகளையும் மனத்தில் வைத்து அவர் நிதானமாக வாக்களிப்பார். அறுபது வயதானதும் பழையபடி ஒரு வாக்கு. இந்த யோசனை சட்டமாகவில்லை. ஆகியிருந்தால், என் வயதுக்கு நான் இப்போது மறுபடியும் ஒற்றை வாக்குக்காரன். என் மனைவிக்கோ எந்த வயதிலும் ஒன்றுதான்!

சிரித்துவிட்டுப் போகக்கூடிய யோசனை இல்லை அது. முடிவின் விளைவை நெடுங்காலம் சுமக்கப் போகிறவர் கவனமாக முடிவெடுப்பார் என்பதுதான் அதன் அடிப்படை. அந்த அளவுகோலை நான் ஏற்கிறேன். அதை எந்த ஆளின்மேல் வைத்து அளப்பது என்பதில்தான் எனக்குக் கருத்து வேறுபாடு. தேர்தல் முடிவு தப்பாகிப் போனால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப முடியாதவர் யார்? வாக்குரிமைப் பேச்சு எழும்போதெல்லாம் நான் முதலில் கேட்கும் கேள்வி அது.

காப்பிக் கடை மேசையில் வேறொரு பேச்சு அடிக்கடி அடிபடும். விவரம் தெரிந்தவனுக்கு மட்டும் வாக்கு இருந்தால் போதுமே என்பார்கள். சொல்கிறவர் தன்னை விவரம் தெரிந்தவர் பட்டியலில்தான் வைத்திருப்பார், அது வேறு விஷயம். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இதைச் செய்தே பார்த்தார்கள். எழுத்தறிவுச் சோதனை என்று பெயர் வைத்து, கறுப்பின மக்களைப் பதிவு அலுவலக வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். சோதனை நடத்தும் எழுத்தர் யாரைத் தோற்கடிக்க நினைத்தாரோ அவர் தோற்றார். 1965-இல் வாக்குரிமைச் சட்டம் வந்த பிறகுதான் அந்த வழக்கம் அடங்கத் தொடங்கியது.

அதே காலகட்டத்து இந்தியாவைப் பாருங்கள். 1951-இல் அங்கே படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர்தான். ஆனாலும் வயது வந்த எல்லாருக்கும் வாக்கு என்று துணிந்து இறங்கினார்கள். எழுத்துக்குப் பதிலாகச் சின்னம். காங்கிரசுக்கு நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை. வடக்கே பல பெண்கள் தங்கள் சொந்தப் பெயரைச் சொல்ல மறுத்து, இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே பதிந்தார்கள். அப்படிப்பட்ட ஏறக்குறைய 2.8 மில்லியன் பெயர்களைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டியதாயிற்று. அந்தப் பெண்களுக்கு அந்த முறை வாக்கு இல்லை. ஆனால் அதற்காகப் பெண்களுக்கு வாக்கே வேண்டாம் என்று யாரும் முடிவுகட்டவில்லை.

நம் சிங்கப்பூரிலும் அப்படித்தான். 1959 பொதுத்தேர்தலில் வாக்களிப்பு கட்டாயமானது. அதுவரை தேர்தல் பக்கமே எட்டிப் பார்க்காத இல்லத்தரசிகள் வாக்களிப்பு நிலையத்துக்கு வந்தார்கள். ஒருவனுக்கு ஒருத்தி என்று வாக்குறுதி தந்த மக்கள் செயல் கட்சி வென்றது. 1961-இல் மாதர் சாசனம் நிறைவேறி, முஸ்லிம் அல்லாத ஆண்கள் இரண்டாம் தாரம் கட்டும் வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி விழுந்தது. எழுதப் படிக்கத் தெரியாத எத்தனையோ பெண்கள் அந்த வரிசையில் நின்றார்கள். எது தங்கள் வீட்டைப் பாதிக்கும் என்று அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த 1959 தேர்தலுக்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன்னால், 1948-இல், சிங்கப்பூரில் முதல் தேர்தல் நடந்தது. பிரிட்டிஷ் பிரஜைகள் மட்டுமே வாக்காளர்கள். தஞ்சாவூரிலிருந்தோ ராமநாதபுரத்திலிருந்தோ கப்பலேறி வந்தவர் பிரிட்டிஷ் பிரஜை. சீனாவில் பிறந்து இங்கேயே நாற்பது வருடம் கடை நடத்தியவர் அந்நியர். பதிவு செய்துகொண்டவர்கள் 25,000-ஐக்கூட எட்டவில்லை. அவர்களில் இந்தியர்களின் பங்கு, மக்கள்தொகையில் அவர்களுக்கு இருந்த பங்கைப்போலப் பல மடங்கு. நம் தாத்தாக்களில் பலர் சம்பாதித்து ஊருக்குத் திரும்பும் நினைப்பில் இருந்தவர்கள். வாக்கு அவர்களுக்கு இருந்தது. இங்கேயே வேர்விட்ட சீனருக்கு இல்லை. இதை நம் சமூகக் கூட்டங்களில் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. சீன வர்த்தகச் சங்கம் பல ஆண்டுகள் விடாமல் குரல் கொடுத்தது. 1957-இல் வந்த குடியுரிமைச் சட்டம், எட்டு ஆண்டு இங்கே வாழ்ந்து விசுவாச உறுதிமொழி எடுப்பவருக்குக் கதவைத் திறந்தது. 1955-இல் சுமார் 300,000 பேர் இருந்த வாக்காளர் பட்டியல், 1959-இல் ஏறக்குறைய இரண்டு மடங்கானது.

இலங்கையில் கதவு எதிர்ப்பக்கமாகச் சாத்தப்பட்டது. 1931-லிருந்தே அங்கே வயது வந்தோர் வாக்குரிமை இருந்தது. 1947 தேர்தலில் மலையகத் தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் பிரதிநிதிகளை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது; 1949-இல் தேர்தல் சட்டத் திருத்தமும் வந்தது. தேயிலைக் கொழுந்து கிள்ளிய லட்சக்கணக்கான தமிழர்கள் நாடற்றவர்களானார்கள். நீங்கள் வந்தவர்கள்தானே, திரும்பிப் போகலாமே என்பது வாதம். போக இடமில்லாதவரிடம் சொல்லப்பட்ட வாதம் அது. அந்தக் கணக்கு சட்டப்படி முழுமையாகத் தீர 2003 வரை ஆயிற்று.

குடியுரிமை பெறாமல் இங்கே நிலையாக வாழ அனுமதி பெற்ற நிரந்தரவாசிகளுக்கு வாக்கு தரலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியூசிலாந்து தருகிறது. பிரிட்டனில் வசிக்க அனுமதி பெற்ற காமன்வெல்த் குடிமகன் ஒருவர், திருச்சிக்காரராகவே இருக்கட்டும், அங்கே பொதுத்தேர்தலில் வாக்களிக்கலாம். நாடாளுமன்றத் தேர்தலைப் பொறுத்தவரை நான் வேண்டாம் என்பேன். குடியுரிமைக்கு விண்ணப்பிக்க அவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது, திரும்பிப் போக ஒரு கடப்பிதழும் இருக்கிறது. தேசிய சேவை என்ற கட்டாயப் படைப்பணியைச் செய்யும் நிரந்தரவாசியின் மகன் மட்டும் இந்த வாதத்தில் கொஞ்சம் இடிக்கிறான். ஒத்துக்கொள்கிறேன்.

அவன் இடித்தால், குடிமகனின் மகன்? பதினெட்டு வயதில் தேசிய சேவை. மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் தங்குவதென்றால் அனுமதி வாங்கவேண்டும். என் அளவுகோல்படி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப முடியாதவன் அவனேதான். அவனுக்கு வாக்கு இருபத்தொன்றில். இங்கே வாகனம் ஓட்டப் பதினெட்டு. 2009-லிருந்து ஒப்பந்தம் போடவும் பதினெட்டு. சிகரெட்டுக்கு மட்டும் வயதை இருபத்தொன்றாக ஏற்றினார்கள், அது நல்ல காரியம். இருபத்தொரு வயது என்று நாம் சொல்வதும் ஏட்டளவில்தான். 2020 ஜூலையில் தேர்தல் முடிந்த மறுவாரம் இருபத்தொன்றை எட்டிய பெண்ணோ பையனோ, பொதுத்தேர்தலில் முதன்முதலாக வாக்களித்தது 2025 மே மாதம், ஏறக்குறைய இருபத்தாறு வயதில். அதுவும் தொகுதியில் போட்டி இருந்திருந்தால்! மரின் பரேட் - பிரேடல் ஹைட்ஸ் குழுத்தொகுதியில் அந்த முறை போட்டியே இல்லை.

முதிர்ச்சி போதாது என்பார்கள். எழுத்தறிவு போதாது என்று முன்பு சொன்னவர்களும் இதே தொனியில்தான் சொன்னார்கள்.

பாலத்துக்கு அப்பால் மலேசியா 2019 ஜூலையில் அரசமைப்பைத் திருத்தி வயதைப் பதினெட்டாக்கியது. ஆதரித்து வாக்களித்த நாடாளுமன்ற உறுப்பினர்கள் 211 பேர். எதிர்த்து ஒருவரும் இல்லை. இளையர் வாக்கு எந்தப் பக்கம் சாயும் என்று ஒவ்வொரு கட்சியும் கணக்குப் போட்டிருக்கும். 2022 பொதுத்தேர்தலில் அவர்களும் வாக்களித்தார்கள். எந்தக் கூட்டணிக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை.