மாடித்தோட்டம் தருவது மகசூலா, மண்டையிடியா?

நடுவர் அவர்களுக்கும் தண்டையார்பேட்டை மக்களுக்கும் வணக்கம். நேரம் கம்மி, விஷயத்துக்கு வர்றேன்.

எதிரணி அண்ணன் இப்பதான் சொல்லிட்டு உக்காந்தாரு: "காசிமேடு மீன்பிடித் துறைமுகம் பக்கத்துல மாடித்தோட்டம் போட்டா, கீரையைக் கிள்ளினா கவுச்சிதான் அடிக்கும்." நீங்களும் கைதட்டினீங்க. சரி, கவுச்சியையே பேசுவோம்.

அதுதாங்க எங்க உரம்! மீன் தலை, குடல் 1 கிலோ, பொடிச்ச நாட்டு வெல்லம் 1 கிலோ. பிளாஸ்டிக் டப்பாவுல போட்டு நிழல்ல 3 வாரம். வடிகட்டினா மீன் அமிலம். லிட்டர் தண்ணிக்கு 10 மில்லி, வேர்ல ஊத்தணும். கிள்ளப்போற கீரை மேலயே தெளிச்சா கவுச்சி அடிக்காம மல்லியா மணக்கும்?

நம்ம ஏரியாவுல ஒருத்தர், பேரு வேணாம், முன்வரிசையில கூட இருக்கலாம். வெல்லம் விலை ஜாஸ்தின்னு கால் கிலோதான் போட்டாரு. டப்பாவை விளிம்பு வரைக்கும் ரொப்பினாரு. மூடியை இறுக்கி மாடிப்படிக்குக் கீழ வெச்சாரு. நாலாம் நாள் ராத்திரி... டமார்! மொத்தக் குடித்தனமும் வெளிய. கீழ்வீட்டம்மா "சிலிண்டர்!"ன்றாங்க. மேல்வீட்டுக்காரர் "இல்லம்மா, இன்னாவோ செத்துக் கெடக்குது"ன்றாரு. நம்மாளு கமுக்கமா கதவைச் சாத்திக்கினாரு. ஆனா சுவத்துல ஒட்டின சங்கரா மீன் கண்ணு ஒண்ணு, அவர் வீட்டையே பாத்துக்கினு இருந்துச்சாம்!

ஏன் வெடிச்சது? புளிச்சாலும் அழுகினாலும் வாயு கிளம்பும். டப்பாவுல மூணுல ஒரு பங்கு காலியா விடணும், தினம் ஒரு தரம் மூடியைத் தளர்த்தணும். வெல்லம் குறைஞ்சா புளிக்காது, அழுகும். அளவோட செஞ்சா புளிச்ச பழ வாசனைதான்.

செலவு ஜாஸ்தின்னாரு எதிரணி அண்ணன். செம்மண், தொழுவுரம், அலசின தென்னைநார்க்கழிவு மூணும் சமமா ஒரு பை போதும், 25 நாள்ல சிறுகீரை. இங்க கெடுக்கிறது போர் தண்ணி. உப்பு மண்ணுல தங்கி இலை ஓரம் கருகிடும். மெட்ரோ தண்ணி, அதான் குடிநீர் வாரியத் தண்ணி, இல்லன்னா அரிசி களைஞ்ச தண்ணி ஊத்துங்க. ஆர்.ஓ. மிஷின் கழிவுத்தண்ணி மட்டும் வேணவே வேணாம்.

கணக்கு கிடக்கட்டும் ஐயா. கொத்தவால்சாவடியில காய் எடுத்து, கூடையைத் தலையில வெச்சு தெருத்தெருவா வித்த ஆயாங்க எத்தனை பேரு! 1996-ல மார்க்கெட் கோயம்பேட்டுக்குப் போச்சு. இப்ப முட்டி வலியோட வீட்டுல, பேச ஆள் இல்லாம. அந்தக் கைக்கு ஒரு தொட்டி குடுத்துப் பாருங்க. மொதல் கத்தரிக்காயைப் பேரனுக்குக் காட்டி, "ஆயா வெச்ச செடிடா"ன்னு சொல்லும்போது அந்த மூஞ்சியைப் பாருங்க. அதுக்கு இன்னா வெலை போடுவாரு எங்க அண்ணன்?

மணி அடிச்சிட்டீங்க நடுவரே. அந்த ஆயா முகத்தைப் பாத்துட்டு தீர்ப்பு சொல்லுங்க. வணக்கம்.