தாண்ட வைப்பது வம்சமா, பயிற்சியாளரா? – பயிற்சியாளர் அணியின் உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

பந்தயக் குதிரையைத் தடை தாண்ட வைப்பது வம்சமா, பயிற்சியாளரா என்பது இன்றைய வழக்கு. வம்சம்தான் என்று எனக்கு முன்னால் பேசிய அண்ணன் கைதட்டலை மொத்தமாக அள்ளிக்கொண்டு போய்விட்டார். "புலிக்குப் பிறந்தது பூனையாகுமா?" என்று ஆரம்பித்தார். சாட்லர்ஸ் வெல்ஸ் என்ற பொலிகுதிரையின் மகன் இஸ்தாப்ராக் மூன்று தடவை சாம்பியன் ஹர்டில் என்ற தடைப் பந்தயத்தை ஜெயித்ததைச் சொன்னார். கடைசியில் டப்ளின் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு மரபணுவையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மூன்றுக்கும் பதில் வைத்திருக்கிறேன், வரிசை மட்டும் என் வசதிப்படி.

கிண்டியிலும் ஊட்டியிலும் நாம் பார்த்துப் பழகியது சமதளப் பந்தயம். இன்றைய வழக்கு பிரிட்டன், அயர்லாந்து பக்கத்துத் தடை தாண்டும் பந்தயம். ஹர்டில் என்பது சுமார் மூன்றரை அடி உயரம், இடித்தால் சாய்ந்து கொடுக்கும். ஃபென்ஸ் என்பது மிலாறுகளை இறுக்கிக் கட்டிய வேலி, குறைந்தது நாலரை அடி, அது சாயாது. செல்ட்னம் கோல்டு கப்பில் 3 மைலுக்கு மேல் ஓடி 22 ஃபென்ஸ் தாண்ட வேண்டும். எய்ன்ட்ரீயில் நடக்கும் கிராண்ட் நேஷனலில் நாலே கால் மைலுக்கு மேல், 30 ஃபென்ஸ். சமதளக் குதிரை மூன்று வயதில் பேர் வாங்கிவிடும். இங்கே ஒரு குதிரை உச்சத்துக்கு வருவதற்கு எட்டு, ஒன்பது வயதாகும். அதுவரை அதன் காலையும் வயிற்றையும் மூச்சையும் காப்பாற்றிக் கொண்டுவருவது யார் என்பதுதான் என் கட்சி.

இப்போது புலிக்கு வருவோம். ஆர்க்கிள், ரெட் ரம், டெசர்ட் ஆர்க்கிட், பெஸ்ட் மேட், டென்மன், கௌடோ ஸ்டார்: தடைப் பந்தயத்தின் பெரிய பெயர்கள். அத்தனையும் காயடித்த குதிரைகள்! புலிக்குப் பிறந்தது பூனையாகுமா என்றாரே அண்ணன், இந்தப் புலிகளுக்குக் குட்டியே பிறக்காது, நடுவர் அவர்களே. ஃபென்ஸ் தாண்டுவதில் கொடிகட்டிப் பறந்த ஆண் குதிரையின் இரத்தம் அதோடு நின்றுபோகிறது. பிறகு தகப்பன் எங்கிருந்து வருகிறான்? பெரும்பாலும் சமதளப் பந்தயத்திலிருந்து. சாட்லர்ஸ் வெல்ஸ் பந்தயத்தில் ஒரு ஹர்டிலைக்கூடத் தாண்டியதில்லை. தாண்டாத தகப்பனைப் பார்த்து, தாண்டும் பிள்ளையைத் தேர்ந்தெடுக்கிறோம் என்கிறது எதிரணி.

காலக் கணக்கையும் பாருங்கள். ஒரு பொலிகுதிரை ஐந்து வயதில் பண்ணைக்குப் போகிறது. அடுத்த ஆண்டு குட்டி. அந்தக் குட்டி ஃபென்ஸில் தன் முழுத் தரத்தைக் காட்டும்போது தகப்பனுக்குப் பதினாலு, பதினைந்து வயதாகிவிடும். "இவன் பிள்ளைகள் நன்றாகத் தாண்டுகின்றன" என்று ஊர் சொல்லும் நேரத்தில் அவன் கிழவன், சில சமயம் உயிரோடே இல்லை. பிரான்ஸில் கதை வேறு, அதை மறைக்கவில்லை. அங்கே காயடிக்காத ஆண் குதிரைகளும் மூன்று வயதிலிருந்தே ஹர்டில் ஓடுகின்றன, அவற்றில் சில பொலிகுதிரையாகவும் போகின்றன. தாய்வழியும் கணக்கில் உண்டு. ஆர்க்கிளின் தாய் பிரைட் செர்ரி நல்ல ஓட்டக்காரி. ஆனால் தகப்பன் ஆர்க்கைவ்? பந்தயத்தில் சோபிக்காத, மலிவாகக் கிடைத்த பொலிகுதிரை. அந்தக் குட்டி 1960-ல் 1,150 கினிக்கு ஏலம் போனது (கினி என்பது ஒரு பவுண்டைச் சற்றுத் தாண்டும் பழைய பிரிட்டிஷ் பணக் கணக்கு). பயிற்சியாளர் டாம் டிரீப்பர் அவசரப்படாமல் வளர்த்தார். 1964, 65, 66 மூன்று ஆண்டும் கோல்டு கப். குதிரைகளின் தரத்தைக் கணக்கிடும் டைம்ஃபார்ம் கொடுத்த 212 என்ற மதிப்பெண்ணை ஃபென்ஸ் குதிரை எதுவும் இன்றுவரை தொட்டதில்லை. அவ்வளவு பெரிய இரத்தம் என்றால் ஏலத்தில் உட்கார்ந்திருந்த வம்ச நிபுணர்கள் அன்றைக்கு என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

அடுத்து மரபணு. 2010-ல் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் எம்மலின் ஹில் குழு கண்டறிந்தது, தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மயோஸ்டேட்டின் மரபணுவின் வகைகளை. ஒரு வகை இருந்தால் குறுந்தூரம், இன்னொன்று இருந்தால் நெடுந்தூரம், கலந்திருந்தால் நடுத்தூரம். நல்ல அறிவியல், நான் மறுக்கவில்லை. எவ்வளவு தூரத்துக்கு ஏற்ற தசை என்று அது சொல்லும். 22 ஃபென்ஸில் எத்தனையைச் சுத்தமாகத் தாண்டும் என்று சொல்லுமா? சொல்லாது.

தாண்டுதல் கற்றுக்கொடுத்து வருவது. எப்படி என்று பாருங்கள். மூன்று வயதில் ஏலத்திலிருந்து வரும் குட்டியை முதலில் நீள லகான் போட்டுப் பின்னாலிருந்து நடந்தே ஓட்டுவார்கள். பிறகு தரையில் கம்புகள், 1.3 மீட்டர் இடைவெளியில், டிராட் என்ற மிதமான ஓட்டத்தில். காலை எங்கே வைக்கிறோம் என்று குதிரை கீழே பார்க்கப் பழகுவது இங்கேதான். அப்புறம் இரண்டடி மரக்கட்டை. அதற்குப் பின் மூன்று, மூன்றரை மீட்டர் தள்ளி அடுத்தடுத்து இரண்டு சிறு தடை. இறங்கியதும் நடுவில் ஒரு பாய்ச்சலுக்குக்கூட இடமிருக்காது, உடனே தோளைத் தூக்கி முன்னங்காலை மடக்கியே ஆக வேண்டும். குட்டி ஃபென்ஸுக்குப் போகும்போது நிதானமான ஒரு பழைய குதிரையை முன்னால் விடுவார்கள். எட்டு, பத்து தடவை நன்றாகத் தாண்டியதும் நிறுத்திவிட வேண்டும். "இன்னும் ஒன்று" என்று ஆசைப்பட்டால், களைத்த குதிரை அந்தப் பதினோராவதில் இடித்துக்கொள்ளும், அந்தப் பயம்தான் அதன் மனதில் தங்கும்.

இதில் ஒரு பொறி உண்டு. இடித்தால் ஹர்டில் சாய்ந்து கொடுக்கிறதல்லவா, கெட்டிக்காரக் குதிரை அதைக் கண்டுபிடித்துவிடும். உயரமாக எழும்பாமல் வேகமாக உரசிக்கொண்டே போகும். ஹர்டில் பந்தயத்தில் அதற்குப் பரிசுகூடக் கிடைக்கும். அடுத்த ஆண்டு அதே பழக்கத்தோடு நாலரை அடி ஃபென்ஸுக்கு வந்தால் குதிரை ஒரு பக்கம், ஜாக்கி ஒரு பக்கம். விவரமான பயிற்சியாளர் அந்தக் குதிரையை மறுபடி சாயாத மரக்கட்டைக்குக் கொண்டுபோய் அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிப்பார். முழு ஓட்டத்தில் ஒரு பாய்ச்சல் ஏழு மீட்டர் போகிறது, வேகம் மணிக்கு 45 கிலோமீட்டருக்கு மேல். தடைக்கு முன்னால் அரைப் பாய்ச்சல் கணக்குத் தப்பினால் நீட்டித் தாவுவதா, குறுக்கி ஒரு சின்ன அடி வைத்து எழும்புவதா என்று கண்ணிமைப்பதற்குள் குதிரையே முடிவெடுக்க வேண்டும். வம்சாவளிப் பட்டியலில் இதற்கு எந்தக் கட்டம், அண்ணே?

தாண்டினால் போதுமா? முடிக்க வேண்டுமே. தினமும் காலையில் குதிரை வெளியே போவதற்கு முன், முன்னங்காலின் முட்டிக்குக் கீழே பின்பக்கம் ஓடும் தசைநாணைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மேலிருந்து கீழாகத் தடவிப் பார்ப்பார்கள். இரண்டு காலையும் ஒப்பிட வேண்டும். ஒரு காலில் மட்டும் கொஞ்சம் சூடு, கொஞ்சம் தடிப்பு தெரிந்தால் அன்றைக்கே நிறுத்தி ஸ்கேன். அன்று நிறுத்தினால் சில வாரம் போகும். "சனிக்கிழமை பந்தயம் முடியட்டும்" என்று ஓட்டினால் நாண் கிழிந்து ஏறக்குறைய ஓராண்டு போகும், சில குதிரைகள் திரும்பி வருவதே இல்லை. அரச வம்சத்து இரத்தமாகவே இருக்கட்டும், அந்த விரல் தவறவிட்டால் கதை முடிந்தது.

தீவனத்திலும் இதே கதைதான். 500 கிலோ குதிரைக்கு ஒரு வேளையில் ஏறக்கூடிய மாவுச்சத்து கூடியபட்சம் ஒரு கிலோ, ஓட்ஸ் கணக்கில் இரண்டு கிலோவைச் சற்றுத் தாண்டும். அதற்கு மேல் போட்டால் செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கும், வயிற்றுவலியில் குதிரை உருளும். ஆகவேதான் அன்றைய ஓட்ஸை மூன்று, நாலு வேளையாகப் பிரிக்கிறார்கள். ஞாயிறு ஓய்வு, தீவனம் மட்டும் முழு அளவு என்று விட்டால், திங்கள் காலை பின்புறத் தசை கல்லாக இறுகி, வியர்த்துக் கொட்டி, குதிரை நடக்கவே மறுக்கும். ஓய்வு நாளில் ஓட்ஸைக் குறைத்து உலர்புல்லைக் கூட்டத் தெரிந்த கை வேண்டும்.

எதிரணி ரெட் ரம்மைத் தொடவே இல்லை, கவனித்தீர்களா? அந்தச் சங்கடம் எனக்குப் புரிகிறது. தகப்பன் குவோரம் ஒரு மைல்காரன், 1957-ல் 2000 கினிஸ் என்ற ஒரு மைல் சமதளப் பந்தயத்தில் இரண்டாவது வந்தவன். ரெட் ரம்மின் முதல் பந்தயம் 1967-ல், இதே எய்ன்ட்ரீயில், வெறும் 5 ஃபர்லாங். அதாவது ஒரு கிலோமீட்டர். வம்சாவளியைப் படித்தவர் எவரும் இவனை நாலு மைலுக்கு மேல் ஓட விட்டிருக்க மாட்டார். 1972-ல் பயிற்சியாளர் ஜிஞ்சர் மெக்கெய்ன் 6,000 கினி கொடுத்து வாங்கினார். சவுத்போர்ட்டில் கார் விற்கும் கடைக்குப் பின்னால் அவருடைய லாயம். குதிரைக்கோ குளம்பு எலும்பில் அழற்சி. கெட்டித் தரையில் ஓட்டினால் நொண்டும். பக்கத்தில் கடற்கரை இருந்தது. ஈர மணலில் ஓட்டம், ஓடி முடித்ததும் கால்களுக்குக் கடல்நீர். மணலில் அதிர்ச்சி குறைவு, உழைப்பு அதிகம், உப்புத்தண்ணீர் குளிர்ச்சி. 1973, 74, 77 மூன்று கிராண்ட் நேஷனல் வெற்றி, நடுவில் இரண்டு ஆண்டும் இரண்டாம் இடம். 74-ல் முதுகில் 12 ஸ்டோன், அதாவது 76 கிலோ. அந்த மணலை எந்தப் பொலிகுதிரை கொடுத்தது?

இன்னொருவர் மார்ட்டின் பைப், பந்தயத் தரகரின் மகன். சாமர்செட்டில் மேட்டில் ஏறும் ஓடுபாதை ஒன்று போட்டார். மேலே ஓடு, கீழே நடந்து வா, மறுபடி ஓடு. ஏற்றத்தில் வேகம் குறைவதால் முன்னங்காலில் அடி குறைகிறது. இதயமும் நுரையீரலும் மட்டும் முழு வேலை செய்கின்றன. லாயத்திலேயே இரத்தப் பரிசோதனைக்கூடம் வைத்து, உடம்பு சரியில்லாத குதிரையைப் பந்தயத்துக்கு முன்பே பிடித்தார். மற்றவர்கள் கழித்துவிட்ட மலிவுக் குதிரைகள் முதல் ஃபர்லாங்கிலிருந்தே முன்னால் ஓடி, துரத்தியவர்களை மூச்சிரைக்க விட்டன. 1988-89 பருவத்தில் மட்டும் 208 வெற்றி. 15 முறை சாம்பியன் பயிற்சியாளர். அவரைப் பார்த்து ஊர் முழுக்க அந்த முறைக்கு மாறிய பிறகுதான் இடைவெளி குறைந்தது. எல்லாரும் பிரதியெடுத்தது அவர் பயிற்சியை. குதிரைகளின் தகப்பன் பெயரை யாரும் விசாரிக்கவில்லை.

இப்போது அண்ணனின் இஸ்தாப்ராக். 1998, 99, 2000 சாம்பியன் ஹர்டில், சரிதான். ஆனால் அதற்கு முன்னால் அதே இரத்தத்தோடு சமதளத்தில் ஓடியபோது பெரிதாக ஒன்றும் செய்யவில்லை, அதனால்தான் 38,000 கினிக்கு விற்றார்கள். விற்றவர்களுக்கு வம்சம் தெரியாதா? தெரியும். அந்த லாயத்தில் உதவியாளராக இருந்த ஜான் டர்கன்தான் இவன் ஹர்டிலுக்கு ஏற்றவன் என்று கண்டு, குதிரை உரிமையாளர் ஜே.பி. மெக்மானஸுக்கு வாங்கிக் கொடுத்தார். டர்கனை நோய் முடக்கியதால் குதிரை பயிற்சியாளர் எய்டன் ஓ'பிரையன் கைக்குப் போனது. கண்டுபிடித்தது ஒருவர் கண், உருவாக்கியது இன்னொருவர் கை. சாட்லர்ஸ் வெல்ஸ் நல்ல உடம்பைக் கொடுத்தது, அந்தப் பங்கை நான் பிடுங்கவில்லை.

அந்த சாட்லர்ஸ் வெல்ஸுக்குப் பயிற்சி கொடுத்தவர் யார்? பாலிடாய்ல் லாயத்தின் வின்சென்ட் ஓ'பிரையன். சமதளப் பந்தயத்துக்குப் போனதும் சாட்லர்ஸ் வெல்ஸின் தகப்பன் நார்த்தன் டான்ஸரின் இரத்தத்தைத் தேடித் தேடி வாங்கியவர். எதிரணி இதை எடுத்து வீசப்போகிறது, நானே சொல்லிவிடுகிறேன். சமதளத்தில் அவர் இரத்தத்தை நம்பினார். தடைப் பந்தயத்தில் இருந்தபோது அதே மனிதர் கிராண்ட் நேஷனலை 1953-ல் எர்லி மிஸ்ட்டோடும், 54-ல் ராயல் டானோடும், 55-ல் குவேர் டைம்ஸோடும் அடுத்தடுத்து மூன்று ஆண்டு ஜெயித்தார். முதலாவதன் தகப்பன் புரூமோ, இரண்டாவதற்கு டார்ட்டன், மூன்றாவதற்கு ஆர்ட்டிஸ்ட்ஸ் சன். மூன்று குதிரை, மூன்று தகப்பன், ஒரே லாயம். அடுத்துப் பேச வரும் எதிரணி அக்கா இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்: அந்த மூன்று வெற்றிக்கும் பொதுவாக இருந்த இரத்தம் எது?

நன்றி, வணக்கம்.