ஆரஞ்சு எண்ணெய்: முகரலாம், பூசலாமா?

நேயர்களுக்கு வணக்கம். ஆரஞ்சு உரிக்கும்போது தோலை மடித்து விரலால் அழுத்திப் பாருங்கள். பொடிச் சாரலாக ஏதோ பீய்ச்சும், கையெல்லாம் வாசம் பிடித்துக்கொள்ளும். கடையில் சின்னக் குப்பியில் விற்கும் ஆரஞ்சு எண்ணெய் அதுதான். தோலைப் பிழிந்தே எடுக்கிறார்கள். அதில் பத்தில் ஒன்பது பங்கு லிமோனீன் என்ற ஒரே பொருள். வைட்டமின் சி அதில் கிடையாது, அது சாற்றோடு போய்விடும்.

முகர்ந்தால் ஓரளவு பலன் உண்டு. ஆஸ்திரியாவில், பல் மருத்துவரைப் பார்க்கக் காத்திருந்தவர்களின் அறையில் ஆரஞ்சு வாசம் பரப்பிப் பார்த்தார்கள். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த அந்த ஆய்வில், குறிப்பாகப் பெண்களுக்குப் பதற்றம் குறைந்திருந்தது. சின்ன ஆய்வுதான், ஆனாலும் மனதுக்கு இதமான செய்தி. அதைப் பிடித்துக்கொண்டு, வெந்நீரில் நாலு சொட்டு விட்டுக் குடித்தால் உடம்பு சுத்தமாகும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். எண்ணெய் தண்ணீரில் கரையாது. மேலே மிதந்து, நேராக வாயையும் தொண்டையையும் புண்ணாக்கும்.

தோல் மருத்துவராக எனக்குப் பெரிய கவலை வெயில்தான். பெர்கமாட் என்று ஒரு பழம், இத்தாலியின் கலாப்ரியா பகுதியில் விளைகிறது. ஏர்ல் கிரே தேநீரின் மணம் அதனுடையது. பிழிந்தெடுத்த பெர்கமாட் எண்ணெயில் பெர்காப்டென் என்ற பொருள் இருக்கிறது. அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் சுட்டதுபோலச் சிவக்கும், கொப்புளம் கிளம்பும். ஆறிய பிறகும் கருந்தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். வாசனைத் திரவியம் கழுத்தில் வழிந்த தடமெல்லாம் அப்படியே கறுத்துப்போவதும் உண்டு. அதனால்தான் பூசிவிட்டுக் கழுவாமல் விடும் பொருள்களில் பெர்கமாட் எண்ணெய் 0.4 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வாசனைத் தொழில்துறை வரம்பு வைத்திருக்கிறது. 30 மில்லி தேங்காய் எண்ணெய்க்கு இரண்டே சொட்டு!

நம் ஊர் எலுமிச்சையும் இந்த வகைதான். தோலோடு பிழிந்து முகத்தில் தேய்த்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போகாதீர்கள். இவற்றைப் பூசினால் 12 மணி நேரமாவது அந்த இடத்தில் வெயில் படக் கூடாது. சாதாரண ஆரஞ்சு எண்ணெய்க்கு இந்தத் தொல்லை இல்லை. ஆவியில் வடித்த எலுமிச்சை எண்ணெய்க்கும் இல்லை. ஆகவே குப்பியில் எப்படி எடுத்தது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்.

அப்புறம், பழைய குப்பி. காற்றுப் பட்டுப் பட்டு லிமோனீன் மாறிவிடும். மாறியது தோலில் ஒவ்வாமையைக் கிளப்பும். இறுக மூடி, ஃபிரிட்ஜில் வையுங்கள். வாசம் மாறி டர்பென்டைன் நெடி அடித்தால் பூசவே வேண்டாம்.

குழந்தை எட்டாத இடத்தில் வையுங்கள். தப்பித் தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். குப்பியையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நன்றி, வணக்கம்.