அயோடினின் நெற்றிப்பொட்டு

(சுங்கை சிப்புட்டில், தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, மாணவர்களே, வணக்கம்.

இங்குள்ள அக்காமார் சிலர் காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை போட்டுவிட்டு வந்திருப்பீர்கள். அந்தத் தைராக்சின் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் நான்கு அயோடின் அணுக்கள். இரத்தத்தில் அதைச் சுமக்கும் டிரான்ஸ்தைரெட்டின் புரதத்துக்குள், அந்த அயோடின்களில் சில புரதத்தின் ஆக்சிஜனை நெருங்கி நிற்கின்றன. இரண்டும் எலக்ட்ரான் மிகுந்தவை, விலகத்தானே வேண்டும்?

விலகாததற்குக் காரணம், அயோடின் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லை. கார்பனோடு சேர்ந்த பக்கத்துக்கு நேரெதிரே, நெற்றியில் பொட்டு வைத்தாற்போல், நேர்மின் தன்மையுள்ள சிறு வட்டம் உண்டு. 2007இல் இதற்குச் 'சிக்மா துளை' என்று பெயர் வைத்தார்கள். அணுவின் இடுப்பைச் சுற்றி எதிர்மின் தன்மைதான். அந்தப் பொட்டு, ஆக்சிஜன் போன்ற எலக்ட்ரான் மிகுந்த அணுவை ஈர்ப்பதைத்தான் ஹாலஜன் பிணைப்பு என்கிறோம். அயோடின், புரோமின், குளோரின், புளோரின் எல்லாம் ஹாலஜன்கள். அயோடினுக்குப் பொட்டு பெரிது, புரோமினுக்கு அதைவிடச் சிறிது, குளோரினுக்கு இன்னும் சிறிது. மருந்து மூலக்கூறுகளில் புளோரினுக்கு அநேகமாக இல்லை. புளோரினை வைத்து ஹாலஜன் பிணைப்பு என்று யாராவது எழுதினால் சந்தேகத்தோடே படியுங்கள்.

பொட்டு சிறியது என்பதால் கோணம்தான் எல்லாம். கார்பன், ஹாலஜன், ஆக்சிஜன் மூன்றும் ஒரே கோட்டுக்கு அருகில், 165 முதல் 180 டிகிரிக்குள் நிற்க வேண்டும். 140க்கு இறங்கினால் பலன் பெரும்பாலும் போய்விடும். இன்னும் சாய்ந்தால் ஆக்சிஜன் இடுப்பைப் பார்க்கும், தள்ளும். ஹாலஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே தூரம் 3 ஆங்ஸ்ட்ராமை (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) ஒட்டி இருந்தால் நல்லது. ரப்பர் பால் வெட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்: வெட்டின் சாய்வு தவறினால் பால் மங்குக்கு வராது, பட்டையில் வழிந்துபோகும்.

இரத்தம் உறைவதைத் தடுக்கும் ரிவரொக்சபான் என்ற மருந்தைப் பாருங்கள். அது பிடிக்கும் அதே புரதத்துக்கு முன்பு செய்த மூலக்கூறுகள் பல, நேர்மின் சுமையுள்ள ஒரு தொகுதியால் புரதத்தின் குழியைப் பிடித்தன. சுமை இருந்ததால் குடலில் சரியாக உறிஞ்சப்படவில்லை. ரிவரொக்சபானில் அந்த இடத்தில் ஒரு குளோரின் போய் உட்கார்ந்து, குழியின் அடியில் டைரோசின் 228 என்ற அமினோ அமிலத்தின் எலக்ட்ரான் மிகுந்த வளையத்தைப் பார்க்கிறது. சுமை இல்லை, வாய்வழி மாத்திரையாக வேலை செய்கிறது.

கணினியில் தடுமாற்றம் இங்கேதான். மருந்து புரதத்தில் எப்படிப் பொருந்தும் என்று கணிக்கும் சாதாரண நிரல் ஒவ்வொரு அணுவின் நடுவிலும் ஒரே ஒரு மின்சுமையை வைக்கும். குளோரினுக்கு அது எதிர்மின் சுமை. நல்ல பிணைப்பையே விலக்கல் என்று கணக்கிட்டு, சரியான அமைவைப் பட்டியலின் அடியில் போட்டுவிடும். பொட்டு இருக்கும் இடத்தில் கூடுதலாக ஒரு நேர்மின் புள்ளியை வைத்தால் கணக்கு ஓரளவு நேராகும்.

பிணைப்பை வலுவாக்க, வளையத்தில் ஹாலஜனுக்குப் பக்கத்து இடத்தில் புளோரின் வைக்கலாம். அது எலக்ட்ரானை இழுக்கப் பொட்டு விரியும். அயோடினை மட்டும் கண்மூடிச் சேர்க்காதீர்கள். ஹைட்ரஜனை எடுத்து அதை வைத்தால் மூலக்கூறு எடை சுமார் 126 கூடும், கொழுப்பில் கரையும் தன்மை பத்து மடங்குக்கு மேல் ஏறும். கார்பன்–அயோடின் பிணைப்பு வெளிச்சத்தில் உடையக்கூடியது. புரதமும் மருந்தும் சேர்ந்த படிகத்தைப் படமெடுக்க எக்ஸ்கதிரில் வைக்கும்போதே அறுந்து, படத்தில் அயோடின் மங்கலாகத் தெரிவதும் உண்டு.

ஹாலஜன் சேர்த்து மருந்தின் பலம் கூடியதும் ஹாலஜன் பிணைப்பு கிடைத்துவிட்டது என்று துள்ள வேண்டாம். குளோரின் இருந்த இடத்தில் மெத்தில் (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் கொண்ட, பொட்டு இல்லாத தொகுதி) வைத்து ஒரு மூலக்கூறு செய்யுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே பருமன். மெத்திலும் அதே பலம் தந்தால், குளோரின் அங்கே வெறுமனே குழியை நிரப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.