கருமணலும் வினையூக்கியும்

(நாகர்கோவிலில் வேதியியல் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோரே, மாணவச் செல்வங்களே,

‘தான் மாறாமல் வேதிவினையை விரைவுபடுத்தும் பொருளே வினையூக்கி’ என்று பள்ளியில் படித்திருப்பீர்கள்; ‘கிரியா ஊக்கி’ என்ற பெயரில் நாங்கள் படித்ததும் அதே இலக்கணத்தைத்தான். தேர்வுக்கு அது போதும். ஆனால் பெட்ரோலியச் சுத்திகரிப்புக்கான வினையூக்கிகளோடு முப்பது ஆண்டுகளுக்கு மேல் பழகிய நான், மாறாத வினையூக்கி ஒன்றைக்கூடக் கண்டதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் அது மாறுகிறது, மீள்கிறது, ஒரு நாள் மீளாமலே போகிறது. ஏன் மீளவில்லை என்று தேடுவதுதான் என் உத்தியோகம்.

இதற்குக் கருமணல் நிறைந்த நம் கடலோர மணவாளக்குறிச்சியிலிருந்தே தொடங்கலாம். 1909இல், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் ஷாம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர் மோனசைட் என்னும் கனிமத்தைக் கண்டார். அன்றைக்கு வேண்டியிருந்தது அதிலுள்ள தோரியம் மட்டுமே. எரிவாயு விளக்கில் ஒளிரும் மேன்டில் வலையில் தோரியம் ஆக்சைடு 99 பங்கு, சீரியம் ஆக்சைடு 1 பங்கு. (கருமணல் அகழ்வு பற்றி நம் கடலோர மக்களுக்குள்ள அச்சம் தனியே பேச வேண்டிய பொருள், அதை நான் சிறிதாக எண்ணவில்லை.) மோனசைட்டில் தோரியத்தைவிட மிகுதியாக உள்ள சீரியமும் லாந்தனமும் பின்னாளில் வினையூக்கித் தொழிலுக்கு இன்றியமையாதவை ஆயின. காரின் புகைக்குழாயில் நச்சுப் புகையைக் குறைக்கும் மாற்றியில், ஆக்சிஜன் மிகும்போது வாங்கி வைத்துக்கொண்டு குறையும்போது கொடுக்கும் வேலையைச் சீரியம் ஆக்சைடு செய்கிறது.

என் வாழ்க்கை லாந்தனத்தோடு கழிந்தது. கனமான எண்ணெயை உடைத்துப் பெட்ரோல் எடுக்கும் வினையூக்கி, ஏறத்தாழ 70 மைக்ரான் அளவுள்ள உருண்டைத் துகள். அதனுள் இருப்பது ஜியோலைட் என்னும் துளைப் படிகம். சுமார் 500 பாகை செல்சியசுக்கு மேலான சூட்டில் எண்ணெய் ஆவியைச் சந்தித்த சில நொடிகளில் துகள்மேல் கரி படிந்துவிடும். அக்கரியை அடுத்த கலத்தில் 700 பாகையளவில் காற்றால் எரித்தபின், அந்த வெப்பத்தைச் சுமந்துகொண்டே துகள் திரும்பி வந்து அடுத்த எண்ணெயை உடைக்கிறது. அங்குள்ள நீராவி, படிகச் சட்டத்திலிருந்து அலுமினியத்தைப் பெயர்த்தெடுக்கப் பார்க்கும். படிகத்தின் கூண்டினுள் அமர்ந்த லாந்தனம் அந்தச் சட்டத்தைத் தாங்கிப் பிடிக்கும்.

எங்கள் குழு உருவாக்கிய ஒரு வினையூக்கி, ஆய்வகத்தில் மற்ற எல்லாவற்றையும்விட மிகுதியாகப் பெட்ரோல் தந்தது. ஆலையில் இட்ட சில வாரங்களில் கலத்திலிருந்த துகள்களின் மட்டம் இறங்கத் தொடங்கியது. எங்கள் கருவிகள் காரணம் சொல்லுமுன், இரவு ஷிப்டில் இருந்த குழித்துறைக்காரர் ஒருவர் புகைபோக்கியடியில் படிந்ததை விரலில் தேய்த்துப் பார்த்து, “இது மணல் இல்ல சாரே, மாவு” என்றார். துகள்கள் ஒன்றோடொன்று உரசி நொறுங்கிப் பறந்துகொண்டிருந்தன. வினைத்திறனைப் பத்து விதமாக அளந்த நாங்கள் துகளின் உறுதியை ஒரே முறைதான் அளந்திருந்தோம்; துகளைப் பிணைக்கும் களிமண்ணை உலர்த்திய முறையில் இருந்த பிழையைக் கண்டறிய ஓராண்டு ஆயிற்று.

முதலில் கண்டுபிடித்துவிட்டுக் காரணத்தைப் பிறகு அறிவது இத்துறையின் பழைய வழக்கம். உரத்துக்கு வேண்டிய அம்மோனியா தயாரிப்புக்காக ஆல்வின் மிட்டாஷ் என்ற வேதியியலர் ஜெர்மனியில் ஏறத்தாழ 2,500 பொருள்களை 6,500 சோதனைகளில் பார்த்தார். ஸ்வீடன் நாட்டு இரும்புத்தாது ஒன்று நன்றாக வேலை செய்ததற்கு அதிலிருந்த கலப்புகளே காரணம் என்பதை ஊகித்து, அலுமினாவையும் பொட்டாசியத்தையும் வேண்டுமென்றே சேர்த்தார். அந்த இரும்பின் மேற்பரப்பில் நைட்ரஜன் மூலக்கூறு எப்படிப் பிளவுபடுகிறது என்பதைப் படிப்படியாகக் காட்டிய கெர்ஹார்ட் எர்ட்லுக்கு நோபல் பரிசு கிடைத்தது 2007இல். இடைப்பட்ட காலமெல்லாம் உலகம் அந்த உரத்தில் விளைந்ததை உண்டுகொண்டுதான் இருந்தது.

மேசையில் இரண்டு குப்பிகள் வைத்திருக்கிறேன். வெள்ளையாக இருப்பது புதியது; சாம்பல் நிறத்தில் இருப்பது ஆலையில் உழைத்து ஓய்ந்தது. நுண்நோக்கியும் இருக்கிறது, சாம்பல் நிறக் குப்பியை முதலில் பாருங்கள்.