சைடு கொடுக்கிற கை

வணக்கம். லாரி டிரைவர், ஆம்னி பஸ் டிரைவர் இரண்டு பேரில் ரோட்டில் மரியாதை தெரிந்து ஓட்டுகிறவர் யார் என்று பேசச் சொல்லி வானொலி நிலையத்தில் இருந்து கூப்பிட்டார்கள். இரண்டு சீட்டிலும் உட்கார்ந்தவன் என்பதால் என்னைக் கேட்டிருக்கிறார்கள். 1991-ல் ஆரம்பித்து 18 வருஷம் லாரி, சங்ககிரிப் பக்கம். சேலத்து ஜவ்வரிசியை ஏற்றிக்கொண்டு இந்தூர் வரைக்கும் போவோம், திரும்பும்போது நாசிக்கில் வெங்காயம் கிடைத்தால் ஏற்றிக்கொண்டு வருவோம். அப்புறம் 9 வருஷம் சென்னைக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவே ஆம்னி பஸ். இப்போது புதுப் பையன்களுக்குக் கனரக வண்டி சொல்லிக்கொடுக்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ரோட்டில் பக்கத்து வண்டிக்காரனை மதிப்பதில் லாரிக்காரர்தான் மேல். நான் லாரி ஓட்டினவன் என்பதற்காகச் சொல்லவில்லை. ஒரே ஆள், நானேதான், லாரியில் இருந்தபோது நூறு தடவை வழிவிட்டவன், பஸ்ஸுக்கு வந்த ஆறு மாசத்தில் முன்னால் போகிற வண்டியின் வால் மேலேயே மூக்கை வைத்துக்கொண்டு ஹெட்லைட் பிரைட்டைப் போட்டுப்போட்டு அணைக்கிறவனாக மாறினேன். அது எப்படி நடந்தது என்பதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

ஒற்றை ரோடு இருந்த காலத்தில் ராத்திரியில் லாரிக்காரர்களுக்குள் ஒரு பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். எதிரே வண்டி வந்தால் நீங்கள் டிம் செய்வீர்கள், அவர் டிம் செய்வார். மறந்துவிட்டால் ஒரு தடவை லைட்டைத் தட்டினால் போதும், கோபம் எல்லாம் கிடையாது. பின்னால் ஒருவர் ஏறிப் போக நினைத்தால், முன்னால் இருக்கிறவர் எதிர்ப்பக்கம் பார்த்து, ரோடு காலியாக இருந்தால் வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி 'வா வா' என்று அசைப்பார், இல்லாவிட்டால் உள்ளங்கையைக் கீழே காட்டி 'பொறு' என்பார். இதைத்தான் சைடு கொடுப்பது என்று சொல்வோம். யோசித்துப் பாருங்கள், முன்னே பின்னே தெரியாத ஒரு மனுஷன் கையை நம்பி, எதிரே என்ன வருகிறது என்று தெரியாமல், உங்கள் உயிரையும் கிளீனர் உயிரையும் கொண்டு வலது பக்கம் ஏறுகிறீர்கள். அந்தக் கை எனக்குப் பொய் சொன்னதே கிடையாது. இடது பக்கம் கிளீனர் இருப்பார், ஊருக்குள் திரும்பும்போது அவர் கையை நீட்டி நீட்டித்தான் வண்டி நுழையும். தாண்டிப் போனதும் ஹாரன் இரண்டு தட்டு, அது நன்றி.

இதில் ஒரு ஆபத்தும் உண்டு, சொல்லியாக வேண்டும். அந்தக் கைக்குப் பதிலாக வலது இண்டிகேட்டரைப் போட்டு 'ஏறிப் போ' என்று காட்டுகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. நாற்கரச் சாலையில் அதே இண்டிகேட்டருக்கு 'நான் வலது பக்கம் வரப்போகிறேன்' என்று அர்த்தம். பழைய ஆள் ஒன்று நினைத்துப் போட, புது ஆள் வேறு ஒன்றாகப் புரிந்துகொள்ள, விழுப்புரம் தாண்டி ஒரு ராத்திரி என் பஸ்ஸுக்கும் ஒரு டாரஸ் லாரிக்கும் நடுவே ஒரு முழம் இடம்தான் மிச்சம் இருந்தது. பையன்களிடம் இந்த ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன், இண்டிகேட்டரில் பேசாதே, திரும்புவதற்கு மட்டும் போடு.

சரி, லாரிக்காரர் மேல் எல்லாரும் சொல்கிற பெரிய புகார், நாற்கரச் சாலையில் நடுத்தடுப்பான மீடியனை ஒட்டி வலது பக்கத்திலேயே உருட்டிக்கொண்டு போகிறார், சைடே தருவதில்லை என்பது. பஸ் ஓட்டும்போது எனக்கும் அது எரிச்சலாகத்தான் இருந்தது. விதிப்படி தப்புதான், கனமான வண்டி இடது பக்கம்தான் போக வேண்டும். ஆனால் 12 சக்கர வண்டியில் 30 டன்னுக்கு மேல் எடையோடு அந்த இடது பக்கத்தில் போய்ப் பாருங்கள். உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சிப் பக்கம் கரும்பு ஏற்றின டிராக்டர் பின்னால் ஒரு சிவப்பு விளக்குகூட இல்லாமல் போகும். எதிர்த் திசையில் இரு சக்கர வண்டி வரும். பஞ்சர் ஆன வண்டி கல்லை முட்டுக்கொடுத்து அங்கேயே நிற்கும். 50-ல் போகிற லோடு வண்டியை நிறுத்தி மறுபடி அந்த வேகத்துக்குக் கொண்டுவர எத்தனை கியர், எவ்வளவு டீசல்! அதனால் வலது பக்கம் அவருக்குப் பாதுகாப்பாகத் தெரிகிறது. அதன் விளைவு, பஸ்ஸும் காரும் இடது பக்கம் புகுந்து தாண்டுகின்றன, அங்கேதான் அந்த டிராக்டரும் நிற்கிறது.

லாரிக்காரர் செய்கிற, எனக்கு மன்னிக்கவே முடியாத தப்பு வேறு. தொப்பூர் கணவாயில் இறக்கத்தில் கியரை எடுத்துவிட்டு நியூட்ரலில் விடுவது. தர்மபுரியில் இருந்து சேலம் வருகிற வழி, நீளமான இறக்கம், அங்கே எத்தனை விபத்து நடந்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் தள்ளி, சிலர் இஞ்சினையே அணைத்துவிடுகிறார்கள். இஞ்சின் நின்றால் பிரேக்குக்குக் காற்று அடைக்கிற கம்ப்ரஸர் நிற்கும், மறுபடி மறுபடி பிரேக்கை மிதிக்க மிதிக்கத் தொட்டியில் இருக்கிற காற்று இறங்கும், பவர் ஸ்டியரிங் கல் மாதிரி ஆகிவிடும். இஞ்சின் ஓடினாலும் நியூட்ரலில் மொத்த எடையும் பிரேக் டிரம் மேல்தான், சூடேறினால் பிடிக்காது. ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி அண்ணன் சொல்வார். அந்த மிச்சம் பிடித்த டீசல் முழுக்க டிரைவர் கைக்கும் வருவதில்லை. இந்த விஷயத்தில் பஸ்காரர் சுத்தம், இறக்கத்தில் கியரை விட மாட்டார், கால் பிரேக் இல்லாமலே வேகத்தைக் குறைக்கிற ரிடார்டரும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் எதற்கு இருக்கிறது என்று தெரிந்தவர். வண்டியைக் கையாளுகிற நேர்த்தியில் நல்ல ஆம்னி டிரைவருக்குப் பக்கத்தில் நிற்கிற லாரி டிரைவர் குறைவு. பின்னால் முப்பது பேர் தூங்குகிறார்கள், யாருக்கும் விழிப்பு வராமல் பிரேக் பிடிக்க வேண்டும் என்பது தனிக் கை.

அப்படிப்பட்ட கைக்காரர் ஏன் அடுத்த வண்டியை மதிக்காமல் ஓட்டுகிறார்? இந்தக் கணக்கைப் பாருங்கள். நான் ஓட்டிய காலத்தில் கோயம்பேட்டில் இரவு 8 மணிக்கு எடுப்போம், நாகர்கோவிலில் காலை 7 மணி என்று டிக்கெட்டில் இருக்கும். மொத்தம் 11 மணி நேரம். வடபழனி, கிண்டி, தாம்பரம், பெருங்களத்தூர் என்று நின்று நின்று ஆள் ஏற்றி ஊரை விட்டு வெளியே வரவே 2 மணி நேரம், சாப்பாட்டுக்கு அரை மணி. மிச்சம் எட்டரை மணி நேரம். தூரம் கிட்டத்தட்ட 700 கிலோமீட்டரில் ஊருக்குள் போனது 30 என்றால், மிச்சம் 670. சராசரி 79 வர வேண்டும். பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம் என்று டோல்கேட் வேறு. பஸ், லாரி எல்லாவற்றுக்கும் 80-ல் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்ட வேண்டும் என்பது விதி. 80-க்கு மேல் போகாத வண்டியில் சராசரி 79 எப்படி வரும்? அந்த நேரத்தை டிக்கெட்டில் போட்ட அன்றைக்கே, டிரைவர் 100-க்கு மேல் போவார் என்று முடிவாகிவிட்டது. கொடுக்க நேரம் இல்லாதவரிடம் சைடு எங்கே இருந்து வரும்?

ஒரு ராத்திரி திருச்சி தாண்டி நல்ல மழை, நான் 60-ல் போய்க்கொண்டிருந்தேன். ஆபீசில் இருந்து போன், "என்னண்ணே, ஜிபிஎஸ்ல வண்டி நகரவே இல்ல, பார்ட்டி போன் மேல போன் போடுறாங்க." பார்ட்டி என்றால் பின்னால் பெர்த்தில் படுத்திருக்கிற பயணி. என் முதுகுக்குப் பின்னால் இருந்துகொண்டு, என்னிடம் கேட்காமல், ஆபீசைக் கேட்டிருக்கிறார். அந்த ராத்திரி நான் 60-ல் இருந்து 90-க்குப் போனேன், இன்றைக்கும் அதை நினைத்தால் கை நடுங்குகிறது. லாரியில் இப்படிக் கிடையாது, வெங்காய மூட்டை போன் போடாது. சரக்குக்காரர் திட்டுவார், ஆனால் அரை நாள் தாமதம் லாரித் தொழிலில் சகஜம்.

லாரிக்காரருக்குப் பறிபோவது தூக்கம். 1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், 5 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கினால் நடுவே அரை மணி ஓய்வு என்று எழுதிவைத்தது. ஐரோப்பாவில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிஷம் நிறுத்தியாக வேண்டும், வண்டிக்குள் இருக்கிற கருவியே அதைப் பதிவுசெய்யும். நம் லாரியில் அந்தக் கருவி இல்லை. மாநிலம் தாண்டி ஓடுகிற நேஷனல் பெர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் வேண்டும் என்று இருந்ததையும் 2018-ல் எடுத்துவிட்டார்கள், கிளீனரும் குறைந்துவிட்டார், இப்போது பல வண்டியில் ஒற்றை ஆள். பக்கத்தில் பேச்சுக் கொடுக்க ஆள் இல்லாமல் விடியற்காலை 3 மணிக்கு ஓட்டுவது என்பது வேறு வேலை.

2020 பிப்ரவரி 20 விடியற்காலை, அவிநாசி பக்கத்தில் எதிர்த்திசையில் வந்த கன்டெய்னர் லாரி மீடியனைத் தாண்டி, பெங்களூரில் இருந்து எர்ணாகுளம் போன கேரள அரசு பஸ்ஸில் மோதி 19 பேர் இறந்தார்கள். லாரி டிரைவர் கண் அசந்துவிட்டார் என்றுதான் பிறகு சொன்னார்கள். இறந்தவர்களில் அந்த பஸ்ஸின் ஊழியர்கள் இரண்டு பேரும் உண்டு. அதே இரண்டு பேர் 2018-ல் வழியில் ஒரு பயணிக்கு வலிப்பு வந்தபோது பஸ்ஸைத் திருப்பி மருத்துவமனைக்குக் கொண்டுபோனவர்கள். அன்றைக்கு அந்த பஸ்ஸில் இருந்த மற்ற பயணிகள் நேரமாகிறது என்று தடுக்கவில்லை, அதையும் நான் நினைத்துக்கொள்கிறேன்.

இப்போது புதிதாகத் தயாராகிற லாரிகளில் ஏசி கேபின் கட்டாயம் என்று ஆகியிருக்கிறது. நல்ல காரியம். சித்திரை மாசத்தில் இஞ்சின் சூட்டோடு நாக்பூரைத் தாண்டினவனுக்கு அதன் அருமை தெரியும். அதோடு லாரி நிறுத்தித் தூங்க வெளிச்சமும் காவலும் உள்ள இடம் வேண்டும், டயரும் தார்ப்பாயும் திருட்டுப் போகும் என்று பயந்தே பாதிப் பேர் நிறுத்தாமல் ஓட்டுகிறார்கள்.

இன்றைக்கு ராத்திரி ஆம்னி பஸ்ஸில் ஏறப்போகிறவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். விடியற்காலை விழித்துப் பார்த்து வண்டி இன்னும் கோவில்பட்டியில்தான் இருக்கிறது என்று தெரிந்தால், ஆபீசுக்குப் போன் போடாதீர்கள். வீட்டுக்குப் போட்டு, வர அரை மணி ஆகும் என்று சொல்லிவிடுங்கள். வணக்கம்.