அந்த ஐந்து நிமிடத்துக்கு ஒரு துணை

நேயர்களுக்கு வணக்கம்.

"திங்கக்கிழமையிலேர்ந்து சிகரெட்டை விட்டுடலாம்னு இருக்கேன்" என்று நண்பர் சொல்கிறார். கேட்டவர் "ரொம்ப நல்ல விஷயம்" என்று முதுகில் தட்டிக்கொடுக்கிறார். செவ்வாய்க்கிழமை அவரே பாக்கெட்டை நீட்டுகிறார். இன்னொரு வகை நண்பர் உண்டு. அன்றைக்கே காவல்காரராக மாறி, பக்கத்தில் வரும்போதெல்லாம் சட்டையை மோந்து பார்ப்பார். இரண்டு பேரும் நல்லவர்கள்தான், இரண்டு பேராலும் பயன் இல்லை. புகையை விடப்போகிறவருக்குப் புத்தி சொல்ல ஊரே இருக்கிறது. நான் இன்று பேசுவது அவருக்குப் பக்கத்தில் நிற்கும் உங்களிடம்.

உங்களுக்குச் செல்வாக்கு இல்லை என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் ஃபிராமிங்ஹாம் இதய ஆய்வில் இருந்த 12,067 பேரின் 1971 முதல் 2003 வரையிலான தகவல்களை அலசி 2008-ல் ஒரு கட்டுரை வந்தது. கணவனோ மனைவியோ விட்டால் மற்றவர் புகைக்கும் வாய்ப்பு 67 சதவீதம் குறைந்திருந்தது. நண்பர் விட்டால் 36 சதவீதம், சிறிய அலுவலகத்தில் கூட வேலை பார்ப்பவர் விட்டால் 34. கூடப்பிறந்தவர் விட்டால் 25 மட்டும்தான். அண்ணன் தம்பிகள் வருத்தப்பட வேண்டாம்.

ஆனால் வீட்டாரையும் துணைவரையும் "ஊக்கம் கொடுங்கள்" என்று பயிற்சி கொடுத்து அனுப்பிப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்தபோது, அதனால் மட்டும் விட்டவர் எண்ணிக்கை கூடியதாகத் தெரியவில்லை. வெறும் உற்சாக வார்த்தை அவ்வளவு தூரம்தான் போகும். எந்த உதவியும் இல்லாமல் விடுபவர்களில் நூற்றுக்கு மூன்றிலிருந்து ஐந்து பேர்தான் ஆறு மாதமோ ஒரு வருடமோ தாண்டுகிறார்கள். ஆகவே மருந்தும் ஆலோசனையும் வேண்டும். விடுபவர்கள் கூடிப் பேசும் குழு கிடைத்தால் இன்னும் நல்லது. தானே படித்துத் தெரிந்துகொண்டு விடுவதைவிடக் குழுவில் சேர்ந்து விடுவது கூடுதலாகப் பலிக்கிறது. உங்கள் வேலை, அவர் இவற்றையெல்லாம் சரியாகப் பயன்படுத்தப் பக்கத்தில் இருப்பது.

முதலில் தேதி. "சீக்கிரம் விடறேன்" என்பது தேதி இல்லை. இரண்டு வாரத்துக்குள் ஒரு நாளைக் குறிக்கச் சொல்லுங்கள். அதற்கு மேல் தள்ளினால் சூடு ஆறிவிடும். "கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுக்கறேன்" என்பார். பலருக்கும் பிடித்த வழி அது. 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், குறித்த நாளில் ஒரேயடியாக விட்டவர்களில் 49 சதவீதம் பேர் நான்கு வாரம் கழித்தும் புகைக்காமல் இருந்தார்கள். இரண்டு வாரம் குறைத்துக்கொண்டே வந்து விட்டவர்களில் அது 39 சதவீதம். ஆக, நாளைக் குறித்து ஒரேயடியாக நிறுத்தச் சொல்வதுதான் என் கட்சி.

அடுத்து ஒரே ஒரு கேள்வி: காலையில் எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட்? ஒரு நாளைக்கு எத்தனை என்பதைவிட இது நிறையச் சொல்லும். ஐந்து நிமிடத்துக்குள் பற்ற வைப்பவர் என்றால் உடம்பு நிகோட்டினுக்கு நன்றாகப் பழகிவிட்டது. மருந்தில்லாமல் இறங்க விடாதீர்கள். அரை மணிக்குள் பற்ற வைப்பவருக்குத் தவிப்பைத் தணிக்கும் நிகோட்டின் சூயிங்கம், சுருக்கமாகக் கம், 4 மில்லிகிராம், அதற்குப் பிறகு என்றால் 2 மில்லிகிராம் என்பது கணக்கு.

முந்தைய நாள் மாலை அவரோடு சேர்ந்து தேடுங்கள். சட்டைப் பை, மழைக்கோட்டு, வண்டி, மேஜை இழுப்பறை, பயணப் பையின் ஓர அறை என்று ஒன்றையும் விடாதீர்கள். "அவசரத்துக்குன்னு ஒண்ணு எங்க வச்சிருக்க?" என்று நேராகவே கேளுங்கள், சிரித்துக்கொண்டே எடுத்துத் தருவார். லைட்டரும் சாம்பல் கிண்ணமும் போக வேண்டும். பாக்கெட்டை அவர் கையாலேயே தண்ணீரில் நனைத்துப் போடச் சொல்லுங்கள். காய்ந்தபடி குப்பைக் கூடையில் கிடந்தால் ராத்திரி பதினோரு மணிக்கு அந்தக் கூடை கிளறப்படும்.

இனி முக்கியமான ஒப்பந்தம். பற்ற வைத்த பிறகு வரும் அழைப்பால் பயன் குறைவு. பற்ற வைப்பதற்கு முன்னால் கூப்பிட வேண்டும், நீங்கள் எடுக்க வேண்டும். எடுக்க முடியாத நேரங்களை முன்பே சொல்லி, அந்த நேரத்துக்கு இன்னொருவரை ஏற்பாடு செய்துவிடுங்கள். இரண்டு முறை மணி அடித்து யாரும் எடுக்கவில்லை என்றால் மூன்றாம் முறை அவர் உங்களைத் தேட மாட்டார், கடையைத்தான் தேடுவார்.

ஏன் இவ்வளவு அவசரம்? புகையை இழுத்தால் 10 முதல் 20 நொடிக்குள் நிகோட்டின் மூளையில் இருக்கும். ரத்தத்தில் அதன் அளவு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பாதியாகும். அதனால்தான் விட்ட அன்றே எரிச்சல் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகிறது. பிறகு இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் படிப்படியாக அடங்கும். நாள் முழுக்க ஒரே மாதிரி வாட்டாது, அலையலையாக வரும். ஒவ்வோர் அலையும் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நிமிடம், சில நேரம் பத்து. புகைத்தாலும் புகைக்காவிட்டாலும் அது இறங்கிவிடும். அந்த ஐந்து நிமிடத்தைக் கடத்திக்கொடுப்பதற்குத்தான் நீங்கள்.

போனில் என்ன பேசுவது? நுரையீரல், புற்றுநோய் எல்லாம் வேண்டாம். அவருக்கு அது மனப்பாடம். இப்படிப் போகட்டும் பேச்சு:

"எங்க இருக்க?"
"ஆபீஸ் வாசல்ல. எல்லாரும் பிடிக்கிறாங்க."
"கையில இருக்கா?"
"இல்ல. வாங்கலாம்னு..."
"சரி, அங்கேர்ந்து நட. போனை வைக்காத. கம் வச்சிருக்கியா?"
"பையில இருக்கு."
"ஒண்ணு வாயில போடு. மாடிக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் பேசிட்டே இரு."

இடத்தை மாற்று, கைக்கு வேலை கொடு, வாய்க்கு வேலை கொடு. அவ்வளவுதான். ஆறாவது நிமிடத்தில் அவரே வேறு பேச்சுக்குப் போயிருப்பார். முதல் வாரம் காலையும் மாலையும் நீங்களாகவே கூப்பிடுங்கள். இரண்டாம் வாரம் தினம் ஒரு தரம், அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள். இந்தக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறலாம், ஆனால் அவர் கூப்பிடட்டும் என்று காத்திருப்பது மட்டும் பலிக்காது.

கம் என்று சொன்னேன். கிட்டத்தட்ட எல்லோரும் தப்பாக மெல்லுகிறார்கள், அதனால் கூட இருப்பவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். மெதுவாக மென்றுகொண்டே வந்தால் சற்று நேரத்தில் மிளகு கடித்தாற்போல் வாயில் சுரீரென்று வரும். உடனே மெல்லுவதை நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்க வேண்டும். அந்தச் சுரீர் அடங்கியதும் மறுபடி சில தடவை மெல்ல வேண்டும், இந்த முறை வேறு பக்கம் ஒதுக்கல். இப்படியே அரை மணி நேரம். சாதாரண சூயிங்கம் போல நில்லாமல் மென்றால் நிகோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய்விடும். விக்கல், நெஞ்செரிச்சல், குமட்டல் வரும். வாய்த் தோல் வழியாக ரத்தத்தில் சேர வேண்டியதும் வீணாகும். "கம் எனக்கு ஒத்துக்கல" என்பவரிடம் முதலில் எப்படி மென்றீர்கள் என்று கேளுங்கள். கம் போடுவதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே காபி, பழச்சாறு, சோடா கூடாது. வாயில் புளிப்பு இருந்தால் மருந்து ஏறாது.

இன்னொரு தப்பு, சிக்கனம். தவிப்பு தலைக்கேறிய பிறகு நாளைக்கு மூன்று நான்கு போட்டால் போதாது. முதல் ஆறு வாரம் ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, ஒரு நாளுக்கு 24-க்கு மேல் போகக்கூடாது. தினம் பத்து சிகரெட்டுக்கு மேல் பிடித்தவர், தோலில் ஒட்டும் நிகோட்டின் பட்டையான பேட்ச் ஒட்டினால் 21 மில்லிகிராமில் தொடங்கி ஆறு வாரம், பிறகு 14, பிறகு 7, இவை இரண்டிரண்டு வாரம். ஒட்டும் இடத்தைத் தினம் மாற்றாவிட்டால் தோல் சிவந்து அரிக்கும். கனவுகள் துரத்தினால் படுக்கும்போது எடுத்துவிடலாம். பேட்ச் நாள் முழுக்க அடித்தளம் போட, திடீரென்று வரும் அலைக்குக் கம் என்று இரண்டையும் சேர்ப்பது ஒன்றை மட்டும் எடுப்பதைவிட நன்றாக வேலை செய்கிறது.

யாரும் சந்தேகப்படாத ஒரு எதிரி காபி. புகையில் உள்ள தார்ப் பொருள்கள் கல்லீரலை முடுக்கி காஃபீனை வேகமாகக் கரைக்க வைக்கும். புகை நின்ற சில நாளில் அந்த வேகம் குறைந்துவிடும். அதே மூன்று கோப்பை இப்போது ஏறக்குறைய இரண்டு மடங்கு வேலை செய்யும். கை நடுக்கம், படபடப்பு, தூக்கம் கெடுதல். பாவம் அவர், எல்லாப் பழியையும் சிகரெட்டை விட்டதன் மேல் போடுவார். காபியைப் பாதியாக்கச் சொல்லுங்கள். இதே காரணத்தால் மனநோய்க்குத் தரும் குளோசாபின், ஓலான்சபின், ஆஸ்துமாவுக்குத் தரும் தியோஃபிலின் போன்ற மருந்துகளின் அளவும் உடம்பில் ஏறும். இவற்றைச் சாப்பிடுபவர் விடும் தேதியை மருத்துவரிடம் முன்பே சொல்லியாக வேண்டும். கர்ப்பிணிகளும், வலிப்பு வந்தவர்களும், மன அழுத்தத்துக்குச் சிகிச்சை எடுப்பவர்களும் அப்படியே. மலச்சிக்கல், வாய்ப்புண், முன்னைவிட இருமல் என்று ஒன்றிரண்டு வாரம் படுத்தும். அதற்காக மறுபடி பற்ற வைக்கத் தேவையில்லை.

நீங்களும் புகைப்பவரா? அவர் முன்னால் பற்ற வைக்காதீர்கள். சேர்ந்து விடலாம் என்றால் அருமை, ஆனால் புகைக்காத மூன்றாமவர் ஒருவரும் இருக்கட்டும். இருவர் மட்டும் கயிறு கட்டிக்கொண்டால், ஒருவர் விழும்போது மற்றவரையும் இழுத்துக்கொண்டுதான் விழுவார்.

இனி சறுக்கல். பத்தாம் நாள், ஒரு கல்யாண வீடு, கையில் மது, யாரோ ஒன்றை நீட்டினார்கள். மது உள்ளே போனால் உறுதி வெளியே போகும். முதல் ஒரு மாதமாவது அதைத் தவிர்க்கச் சொல்வது அதனால்தான். மறுநாள் அவர் உங்களிடம் சொல்கிறார். "வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிடுச்சா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நக்கலும் நச்சரிப்பும் அதிகம் இருந்து ஆதரவு குறைவாக இருக்கும் இடத்தில் விட்டவர் நிலைப்பது கடினம் என்பது தம்பதிகளிடம் செய்த ஆய்வுகளிலேயே தெரிந்தது. மோந்து பார்க்கும் நண்பரிடம் அவர் அடுத்த முறை சொல்லமாட்டார், ஏலக்காய் மென்றுவிட்டு வருவார். அப்புறம் உங்களுக்கு ஒன்றுமே தெரியாது. கேட்க வேண்டியவை நான்கு: எத்தனை மணிக்கு, யாரோடு, சிகரெட் எங்கிருந்து வந்தது, அதற்கு முன் என்னைக் கூப்பிட எது தடுத்தது? மிச்சம் இருந்தால் நனைத்துப் போடுங்கள். பேட்ச் ஒட்டியிருந்தால் அதைக் கழற்றத் தேவையில்லை, தொடரட்டும். "பத்து நாளும் போச்சு" என்பார். பத்தில் ஒன்பது நாள் புகைக்காமல் இருந்தாய் என்று கணக்கைத் திருத்துங்கள்.

மூன்றாவது வாரத்தில் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பாராட்டு தீர்ந்துவிட்டது, உடம்பின் தவிப்பும் குறைந்துவிட்டது. அப்போது சண்டை, பசி, தனிமை, களைப்பு என்று மனசின் வழியாக வரும். எடையும் கொஞ்சம் ஏறும், சராசரியாக வருடத்தில் நான்கைந்து கிலோ. "பூசினாப்ல இருக்கியே" என்று தொடங்கும் பேச்சைத் தொண்டையிலேயே நிறுத்திவிடுங்கள். உங்கள் போனில் 21, 45, 90 ஆகிய நாள்களுக்கு அலாரம் வைத்துக்கொள்ளுங்கள், அன்றைக்கு நீங்களே கூப்பிடுங்கள்.

தொண்ணூறாம் நாள் வாக்கில் ஒரு பேச்சு வரும். "இப்ப ஆசையே இல்லடா. ஒண்ணே ஒண்ணு பிடிச்சுப் பாத்தா என்ன ஆகும்?" விளையாட்டாகத்தான் கேட்பார். அதையும் பற்ற வைப்பதற்கு முன்னால் வந்த அழைப்பாகவே எடுத்துக்கொண்டு, "எங்க இருக்க?" என்று ஆரம்பியுங்கள்.

நன்றி, வணக்கம்.